வெயிலில் வந்த வெள்ளம்

வறண்டு கிடந்த ஏரிக்குள் வெள்ளெலிகள் வளை தோண்டிக் குடியிருந்தன. அவற்றுக்கு ஒரு வழக்கம் உண்டு. தம்பூரான் என்ற தவளை மழைக்குக் கத்தினால்தான் அவை கரைமேல் குடி மாறும். அதற்கு முன்னால் இடியே விழுந்தாலும் நகராது!

ஏரிக்கரையில் மனிதர்கள் ஒரு செயற்கை நுண்ணறிவு எந்திரம் வைத்திருந்தார்கள். செயற்கைக்கோள் அனுப்பும் படங்களையும் நாற்பது வருட மழைப் பதிவுகளையும் சேர்த்துப் பார்த்து, வெள்ளமோ வறட்சியோ வருமுன்பே அது ஒலிபெருக்கியில் சொல்லிவிடும். மனிதர் பேச்சு கரை மரத்தில் குடியிருந்த மைனாவுக்கு அத்துப்படி.

ஒருநாள் காலை மைனா அலறிக்கொண்டு பறந்து வந்தது. "நாளைக்கு மத்தியானம் ஏரி நிரம்பிடுமாம்! எல்லாரும் கரைக்கு ஏறுங்க!"

வெள்ளெலிகள் வானத்தைப் பார்த்தன. பொட்டு மேகம்கூட இல்லை. உடனே தம்பூரானிடம் ஓடின.

தவளை தன் முதுகைத் தடவிப் பார்த்தது. "என் தோலுக்குத் தெரியாத மழையா? போய்த் தூங்குங்க!"

எல்லாம் சிரித்துக்கொண்டே கிளம்பப் பார்த்தன. மிளகி என்ற வெள்ளெலிக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. அவள் வளையில் கண் திறக்காத ஆறு குட்டிகள் கிடந்தன.

"மைனாக்கா, மழை எங்கே பெய்யுதாம்?"

"மேற்கு மலையில! நேத்திலிருந்து கொட்டுதாம். ஆத்து வழியா தண்ணி இங்கேதான் வருதாம்!"

மிளகி தவளையிடம் திரும்பினாள். "அண்ணே, மலையில பெய்யற மழை உங்க தோலுக்குத் தெரியுமா?"

தவளை விழித்தது. "அதெப்படித் தெரியும்? இந்த ஏரிக்குள்ள பெய்யறதுதான் தெரியும்."

"வெள்ளம் வந்தா நீங்க நீந்திடுவீங்க. என் குட்டிங்க என்ன செய்யும்?"

தவளை மறுபடியும் தன் முதுகைத் தடவிப் பார்த்தது.

மிளகி ஒவ்வொரு குட்டியாகக் கவ்விக் கரையேற்றினாள். "பைத்தியமாடி உனக்கு?" என்றாள் பக்கத்து வளைக்காரி. ஆனால் தவளை விழித்ததை அவளும் பார்த்திருந்தாள். சாயங்காலத்துக்குள் அவளும் தன் குட்டிகளைத் தூக்கினாள். அவளைப் பார்த்து மற்றவையும் கிளம்பின.

மறுநாள் மத்தியானம் சுள்ளென்று வெயில் அடித்தது. அந்த வெயிலிலேயே செம்மண் தண்ணீர் இரைந்துகொண்டு வந்து ஏரியை மூடியது. ஒரு வளை மிஞ்சவில்லை. ஆனால் ஒரு குட்டிகூடச் சாகவில்லை!

"பொழச்சோம்! எல்லாரும் பொழச்சோம்!" கரைமேல் ஒரே கும்மாளம். மிளகியைத் தோளில் தூக்கிக்கொண்டு ஆடின.

தம்பூரான் நீந்தி வந்து வெட்கத்தோடு தலை நீட்டியது. "மிளகி, உன்னால எல்லாரும் தப்பிச்சாங்க! மைனா, இனிமே அந்த எந்திரம் சொல்றதை முதல்ல என்கிட்ட சொல்லு. ஏரி முழுக்கக் கேக்கற மாதிரி நான் கத்தறேன்!"

தனக்குத் தெரிந்ததோடு உலகம் முடிந்துவிட்டது என்று இருக்காமல், தொலைவைப் பார்ப்பவர் சொல்லுக்கும் காது கொடுப்பவரே ஆபத்தை வெல்வார்.