ரெண்டுங்கெட்டான் பலகை

விளக்கணைத்துக் கொஞ்ச நேரம்தான் ஆகியிருக்கும். பெர்னதெத்துக்கு ஒரு சத்தம் கேட்டது. வாசலில் யாரோ சொம்பில் தண்ணீர் மொண்டு கால் கழுவுவது போல. சளப். சற்று நின்று, மறுபடியும் சளப்.

அந்த வாசலில் கால் கழுவிவிட்டு வரக்கூடிய ஒரே ஆள் அவள் புருஷன். அவன் கப்பலில் இருந்தான். குருத்தோலை ஞாயிறுக்கு முன்னால் வரமாட்டான்.

பக்கத்தில் கிடந்த பிள்ளை அன்சிலாவை நெஞ்சோடு இழுத்துக்கொண்டு கதவைப் பார்த்தாள். கதவு சாத்தியிருந்தது, தாழ்ப்பாள் போடவில்லை. கதவை ஒட்டி ஒரு முக்காலி, அதன்மேல் ஒரு அலுமினியப் பானை. யாராவது தள்ளினால் பானை விழுந்து ஊரை எழுப்பும்.

அன்சிலாவுக்குப் பதினோரு மாதம். அவளுக்கு மூன்று மாதமானபோது, பெர்னதெத் உடம்பில் ரத்தம் குறைந்து அடுப்படியில் மயங்கி விழுந்தாள். கதவு உள்ளே தாழிட்டிருந்தது. தொட்டிலில் பிள்ளை வீறிட்டுக்கொண்டிருந்தது. கண் திறந்தபோது வீடு நிறைய ஆட்கள். கதவை உடைத்துத்தான் வந்திருப்பார்கள், உடைக்க ஆள் இல்லாமல் போயிருந்தால் பிள்ளை கதி என்ன என்று நினைத்து நினைத்து, அன்றிலிருந்து தாழ்ப்பாளில் அவள் கை வைக்கவில்லை. போட்டால் ஒரு பயம், போடாவிட்டால் ஒரு பயம். ரத்தம் ஏறிவிட்டது, இனி மாத்திரை வேண்டாம் என்று டாக்டரம்மா நிறுத்தி நாலு மாதம் ஆகிறது. பயத்தை யார் நிறுத்துவது?

விடிய விடியச் சத்தம் கேட்டது. பானை விழவில்லை.

காலையில் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு கடற்கரைக் கொட்டகைக்குப் போனாள். டெல்பின் குத்தவைத்து ஒரு பலகையின் விரிசலை அடைத்துக்கொண்டிருந்தாள். மடத்துப் பள்ளிக்கூடத்தில் பெர்னதெத்துக்கு இரண்டு வகுப்பு இளையவள். இப்போது இந்த ஊரில் அலைச்சறுக்குக் கற்றுக்கொடுப்பவள் அவள்தான். பங்குச் சாமியார் முதல் மீன் ஏலக்காரர் வரை எல்லோருக்கும் அவள் 'மாஸ்டர்'. பெர்னதெத் அவளுடைய முதல் சிஷ்யை.

"ராத்திரி என் வாசல்ல யாரோ கால் கழுவுனாங்க, மாஸ்டரு."

"யாருக்கா?"

"தெரியல. விடியுற வரைக்கும் கழுவுனாங்க."

டெல்பின் எழுந்து, பசை ஒட்டிய விரலால் கடலைக் காட்டினாள்.

நாலு மாதமாகக் கச்சான் என்கிற மேல்காற்று அடித்து, கடல் சுவர் சுவராக எழுந்து இடித்துக்கொண்டிருந்தது. நேற்று சாயங்காலம் காற்று விழுந்துவிட்டது. இப்போது முழங்கால் உயரத்துக்கு ஒரு அலை வந்து மணலில் கவிழ்ந்தது. சளப். சற்று நின்று, இன்னொன்று. சளப்.

"நாலு மாசமா கத்திக்கிட்டே இருந்த ஆளு மெதுவாப் பேசுனா, நமக்கு அடையாளம் தெரிய மாட்டேங்கு" என்றாள் டெல்பின்.

பெர்னதெத்துக்குச் சிரிப்பு வரவில்லை.

"திங்கக்கிழமை பன்னெண்டு பொம்பளப் பிள்ளைங்க படிக்க வருதாங்க. சின்ன அலைதான் அவங்களுக்குத் தோது. எனக்கு ஒத்தையில முடியாது. இன்னைக்கு நீங்க தண்ணியில எறங்கிட்டா வேலை உங்களுக்கு. எறங்கலைன்னா வேற ஆளுக்குச் சொல்லிவிட்டுருவேன். எனக்கு ஒளிச்சுப் பேச வராது, தெரியும்லா?"

தெரியும். இந்த வேலைக்காகத்தான் பெர்னதெத் ஒரு மழைக்காலம் முழுக்க மாதாவிடம் கேட்டிருந்தாள். பிள்ளை உண்டானதிலிருந்து அவள் கடலில் கால் நனைத்ததில்லை.

"எந்தப் பலகைட்டி எடுக்க?"

டெல்பின் பிள்ளையை வாங்கித் தன் இடுப்பில் வைத்துக்கொண்டாள். பலகைகள் நின்ற பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அந்தக் கொட்டகையில் அப்படித்தான். நிற்கப்போகிறவள்தான் பலகையை எடுக்க வேண்டும். மாஸ்டர் வாய் திறக்கமாட்டாள். அன்சிலா அவள் கழுத்தில் தொங்கிய விசிலைப் பிடித்து வாயில் வைத்துக்கொண்டது.

பெர்னதெத் யோசிக்காமல் ஆறடிப் பலகையை உருவினாள். கல்யாணத்துக்கு முன்னால் அவள் நின்றது இதில்தான். கொட்டகைப் பையன்கள் வாயைப் பிளந்து பார்த்தது இதைத்தான்.

கால் வழுக்காமலிருக்க, மாதா சிலை நிற்கும் கெபியில் எரிந்து மிஞ்சிய மெழுகுத்திரித் துண்டைப் பலகையில் தேய்ப்பது அங்கே வழக்கம். அவசரமாக நாலு இழுப்பு இழுத்துவிட்டு, கடல் தண்ணீரைத் தொட்டு நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டு இறங்கினாள்.

பலகை அவள் நெஞ்சின் கீழ் அமுங்கியது. கையால் துழாவித் துழாவி முன்னே போனாள். ஒரு அலை வந்தது. அவளைக் கவனிக்காமல் அடியில் நழுவிப் போனது. இன்னொன்றும் அப்படியே. எழுந்து பலகைமேல் உட்கார்ந்து, தூரத்தில் கடலும் வானமும் சேருமிடத்தைப் பார்த்தபடி இருந்தாள். வெகுநேரம் இருந்தாள்.

கரையேறியபோது டெல்பின் கேட்டாள்: "ஏன், ஒண்ணுலயும் ஏறல?"

"நல்ல அலையா ஒண்ணு வரும்னு பாத்தேன்."

"வந்துச்சா?"

"இன்னைக்குக் கடல்ல ஒண்ணுமே இல்லட்டி."

டெல்பின் பிள்ளையின் காதருகே குனிந்தாள். "உங்கம்மா போன வருசத்து அலைக்குக் காத்துக் கெடக்கா, பாத்தியா?"

பெர்னதெத்துக்குச் சுருக்கென்றது. ஆறடியை இருந்த இடத்தில் வைத்துவிட்டு ஒன்பதடிப் பலகையை இழுத்தாள். பையன்கள் அதற்கு வைத்த பெயர் கட்டில். கக்கத்தில் இடுக்க அவள் கை எட்டவில்லை. மணலில் கோடு விழ இழுத்துக்கொண்டே போனாள்.

கட்டில் அவளை ஏமாற்றவில்லை. எந்தச் சின்ன அலை தொட்டாலும் நகர்ந்தது. குப்புறப் படுத்தபடி கரைவரை வந்தாள். திரும்பிப் போய், மறுபடியும் படுத்தபடி வந்தாள். நாலைந்து தடவை. முகத்தில் வெளிச்சம் வந்திருந்தது.

"எறங்கிட்டேன்லா, மாஸ்டரு?"

டெல்பின் அவள் முகத்தைப் பார்க்கவில்லை, பலகையைப் பார்த்தாள்.

"மெழுகு எங்கெங்க தேச்சீங்க?"

பெர்னதெத்தும் பார்த்தாள். நெஞ்சு படுகிற இடத்தில் மெழுகு வெள்ளையாக அப்பியிருந்தது. பின்பக்கம், கால் ஊன்றவேண்டிய இடம், கண்ணாடி போல மினுங்கியது. ஒரு இழுப்புக்கூட இல்லை.

"மறந்துட்டேன்."

"ஆறு வருசமா தேய்ச்ச கை மறக்குமாக்கா?"

பெர்னதெத் மினுங்கிய இடத்தை உள்ளங்கையால் மறைத்தாள்.

"படுத்துக் கெடக்க வீட்டுல பாய் இருக்கே. உப்புத்தண்ணி எதுக்கு?"

"நின்னா விழுந்துருவேன்ட்டி."

"விழுந்தா?"

"இவ கரையில இருக்கா." பெர்னதெத் பிள்ளையைக் காட்டினாள். "விழுந்து, நான் எந்திரிக்கலைன்னா?"

டெல்பின் பிள்ளையைத் தோளில் மாற்றிப் போட்டுக்கொண்டு, கொட்டகை நிழலில் போய் உட்கார்ந்தாள்.

வெயில் ஏறியது. பெர்னதெத் ஈர மணலில் உட்கார்ந்திருந்தாள். வீட்டுக்குப் போய்விடலாம். முக்காலி இருக்கிறது, பானை இருக்கிறது. திங்கட்கிழமை வேறு யாராவது வருவாள்.

எழுந்து கட்டிலைக் கொண்டுபோய் வைத்தாள். வைக்கும்போதுதான், கடைசியில் சுவரோரமாகச் சாய்ந்து நின்ற பலகை கண்ணில் பட்டது. ஏழரை அடி. மஞ்சளாகிப் போனது. வித்தை காட்டுகிறவனுக்கு நீளம் அதிகம், சும்மா மிதக்க வருகிறவனுக்குக் குறைவு. பையன்கள் அதை ரெண்டுங்கெட்டான் என்பார்கள். ஈரச் சட்டையை அதன்மேல்தான் காயப்போடுவார்கள். மத்தியானம் டெல்பின் தூக்குவாளியைத் திறந்து வைப்பதும் அதன்மேல்தான்.

ஒட்டியிருந்த ஒரு சோற்றுப் பருக்கையை நகத்தால் சுரண்டி எடுத்தாள். விளிம்பில் கையை ஓட்டினாள். நடுவில் தடிமன் இருந்தது. மூக்கு உருண்டையாக இருந்தது. அடியில், மீனுக்கு இருப்பது போல, ஒரே ஒரு துடுப்பு, பெரியது. கக்கத்தில் இடுக்கிப் பார்த்தாள். விரல் நுனி அடி விளிம்பைச் சரியாகப் பிடித்தது.

அப்படியே நடந்துபோய், மறு கையால் பிள்ளையை வாங்கி இடுப்பில் வைத்தாள். ஒரு பக்கம் பலகை, ஒரு பக்கம் பிள்ளை. கொட்டகையை ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள்.

டெல்பினுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "பிள்ளையோட எறங்கப் போறீங்களா?"

"இல்லட்டி. ரெண்டையும் தூக்க முடியுதான்னு பாத்தேன்."

பிள்ளையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, கால் மடக்கி உட்கார்ந்து மெழுகுத்திரியைத் தேய்த்தாள். யாரோ எதற்கோ நேர்ந்து ஏற்றிய திரி. நெஞ்சு படும் இடத்தில் கொஞ்சம். பிறகு பின்பக்கம். அங்கே வெகுநேரம் தேய்த்தாள். துண்டு கரைந்து சுண்டுவிரலளவு ஆனது. அதைச் சுடிதார் பையில் போட்டுக்கொண்டாள்.

முதல் அலை முழங்காலுக்குக்கூட வராது. ஆனால் அது பலகையைத் தூக்கியது. அவள் எழுந்து நின்றாள். மூன்று மூச்சு விடுகிற நேரம். விழுந்தாள்.

மூக்கில் உப்பு ஏறியது. தலை வெளியே வந்ததும் கரையைத் தேடினாள். பிள்ளை இருந்தது. கை நீட்டினாள், பலகை எட்டும் தூரத்தில் கிடந்தது. ஆறடி போல அமுங்கவில்லை. கட்டில் போல அவளை இழுத்துக்கொண்டு ஓடவுமில்லை. ஏறிக்கொண்டாள்.

நின்றாள், விழுந்தாள், கரையைப் பார்த்தாள், ஏறினாள். நின்றாள், விழுந்தாள், ஏறினாள். ஏறிய பிறகுதான், இந்தத் தடவை கரையைப் பார்க்கவில்லை என்பது நினைவுக்கு வந்தது.

அடுத்த அலை அவளை நின்றபடியே மணல்வரை கொண்டுவந்து விட்டது. அன்சிலாவின் வாயிலிருந்த விசில், பிள்ளை மூச்சு விட்டதில், கீச்சென்று ஒலித்தது. பிள்ளையே திடுக்கிட்டு விழித்தது.

"இதைக் காலையிலயே சொல்லித் தொலைச்சிருக்கலாம்லாட்டி?"

"சொல்லியிருந்தா அது நான் எடுத்த பலகையால்லா இருக்கும்" என்றாள் டெல்பின். "திங்கக்கிழமை ஆறு மணிக்கு வந்துருங்க. அதை வீட்டுக்கே கொண்டுபோங்க. இங்க கெடந்தா சட்டை காயப்போட்டுருவானுங்க."

சாயங்காலம் பெர்னதெத் பலகையைத் தூக்க, டெல்பின் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வீடுவரை வந்தாள். பிள்ளை அவள் தோளிலேயே உறங்கிவிட்டது. பாயில் கிடத்திவிட்டுத் திரும்பியவள், முக்காலியையும் பானையையும் பார்த்தாள்.

"இது என்னக்கா, கள்ளனுக்குக் கட்டுன மணியா?"

பெர்னதெத் சொன்னாள். முதல் தடவையாக ஒருத்தியிடம் சொன்னாள். தாழ்ப்பாளைப் போட்டால் ஒரு பயம், போடாவிட்டால் ஒரு பயம் என்றாள்.

"அன்னைக்குப் பகல். நீங்கள்லாம் இருந்தீங்க, கதவை ஒடைச்சு வந்தீங்க. ராத்திரியில நான் விழுந்தா யாருட்டி வந்து ஒடைப்பா?"

டெல்பின் கதவருகே போனாள். முக்காலியை நகர்த்தினாள். தாழ்ப்பாளை விரலால் தடவி, திருகாணிகளைத் தடவி, நிலையைத் தடவினாள்.

"இது எப்பம் போட்ட தாழ்ப்பாளு?"

"வீடு கட்டுனப்போ போட்டது."

"மாத்தவே இல்லையா?"

"இல்ல. ஏன்?"

டெல்பின் தாழ்ப்பாளிலிருந்து கையை எடுத்தாள்.

"உங்களுக்குத் தெரியும்னுல்லாக்கா நெனச்சேன். அன்னைக்கு நான் இந்தக் கதவுக்கு வெளியதான் நின்னேன். கடப்பாறை எடுக்க ஓடுன ஆளு வந்துகூடச் சேரல. பிள்ளை அழுதுச்சு. உள்ள ஏதோ தரையில இழுபடுற சத்தம் கேட்டுச்சு. கதவை யாரும் ஒடைக்கல, அக்கா. நீங்கதான் வந்து திறந்தீங்க."

பெர்னதெத் கதவருகே போய் நிலையில் கை வைத்தாள். டெல்பின் செருப்பை மாட்டிக்கொண்டு போனது அவளுக்குத் தெரியவில்லை. நிலையின் பச்சைப் பெயின்ட்டில் கீறலில்லை. திருகாணி ஒன்றுகூட நெளியவில்லை. எட்டு மாதமாகத் தினம் அவள் கண் முன்னால்தான் இருந்தது.

இருட்டியது. வாசலில் சளப் என்றது. யாரென்று அவளுக்குத் தெரியும்.

பானையை எடுத்துப்போய் அடுப்படியில் கவிழ்த்தாள். தாழ்ப்பாளைப் பிடித்து இழுத்தாள். துருப்பிடித்து இறுகியிருந்தது, அசையவில்லை. பையிலிருந்த மெழுகுத்திரித் துண்டை எடுத்து, அதன் மேலும் கீழும் தேய்த்தாள். மறுபடி இழுத்தாள்.

தாழ்ப்பாள் வழுக்கிக்கொண்டு போய் நிலையில் விழுந்தது.