தம்பியின் பங்குச் சாமான்

கனடாவின் ஸ்காபரோவில் ஒரு பலசரக்குக் கடையின் மேல்மாடி அறையில் பவளராணி தியானம் கற்பித்துவந்தார். அவரிடம் வந்த பலர் அவரைவிட மூத்தவர்கள். ஐம்பதைத் தாண்டிய இரத்தினகோபாலும் அப்படித்தான். ஆனாலும் அவரை "அம்மா" என்றுதான் அழைப்பார்.

ஒரு மார்கழிச் சனிக்கிழமை, மற்றவர்கள் எழுந்து போன பிறகும் இரத்தினகோபால் இருந்தார்.

"என்ன அண்ணை?"

"கோடையிலை புல்லு வெட்டி, மாரியிலை ஸ்னோ தள்ளுற தொழில் ஒண்டு துவங்கப்போறன் அம்மா. சாமான் வாங்கக் காசு காணாது. எதை விடுறதெண்டு தெரியேல்லை. ஒருக்கா வந்து பாருங்கோ."

"எனக்கு மெஷினைப் பற்றி என்ன தெரியும்?"

"தெரிஞ்ச ஆக்களிட்டைக் கேட்டிட்டன். அவை சொல்லுறதை என்னாலை செய்ய ஏலாமல் கிடக்கு."

மறுநாள் காலை பவளராணி அவர் வீட்டுக்குப் போனார். தெரு முழுவதும் புதுப் பனி. இரத்தினகோபால் கராஜைத் திறந்தார். புல் வெட்டும் மெஷின் இரண்டு, ஓரம் வெட்டும் மெஷின் இரண்டு, பனி அள்ளும் சவல் இரண்டு. பனி தள்ளும் மெஷின் மட்டும் இல்லை. காசு அதற்குள் முடிந்துவிட்டது.

"எல்லாத்திலையும் ஏன் இரண்டு?"

"மற்றது தம்பியின்ரை."

தம்பி கருணைராசா மலேசியாவில் அகதி. அங்கே ஒரு கோல்ஃப் மைதானத்தில் புல் வெட்டுகிறான். இந்தத் தொழில் அவனுடைய யோசனை. எந்த மெஷின் நல்லது என்று போனில் அவன்தான் சொல்வான். பிறகு, "ஸ்னோ பாரமோ அண்ணை?" என்று கேட்பான். அவன் பனியைக் கண்டதில்லை.

"அவன் கனடா வரப் போட்ட விண்ணப்பத்தைப் போன கிழமை திரும்பவும் மறுத்துப்போட்டினம்," என்றார் இரத்தினகோபால். "அவன்ரை பங்கை வித்து ஸ்னோ மெஷினை வாங்கெண்டு எல்லாரும் சொல்லினம். சரியான கதைதான். விக்கிறதுக்குப் படம்கூட எடுத்தன். ஏலேல்லை அம்மா. வித்தால், அவன் வரமாட்டான் எண்டு நானே சொன்னமாதிரி."

பவளராணி கராஜுக்குள் போனார். சுவரில் தொங்கிய புதுக் கையுறைகளை எடுத்து மாட்டிக்கொண்டார். அவருக்கு அவை பெரிது.

"அது தம்பியின்ரை..."

"தெரியும்." அவர் ஒரு சவலை எடுத்தார். "முதல் வேலை எங்கை?"

"எதிர்வீட்டுக்காரி கேட்டவ. மெஷின் இல்லாமல் ஒராளாலை முடியாதெண்டு நான் ஓமெண்டு சொல்லேல்லை."

"இப்ப சொல்லுங்கோ."

இருவரும் தெருவைக் கடந்தார்கள். எதிர்வீட்டுப் பாதையில் ஒருவர் இடப்பக்கம், ஒருவர் வலப்பக்கம். முதலில் இரத்தினகோபால் குனிந்த தலை நிமிராமல் அள்ளினார். பிறகு பக்கத்துச் சவலின் சத்தத்தோடு அவருடைய கையும் சேர்ந்துகொண்டது. ஒருமுறை தன்னை அறியாமல், "அந்தக் கரையைப் பாரடா," என்றுவிட்டார். சொன்ன பிறகு அவருடைய சவல் நின்றது. பவளராணி அந்தக் கரையைத் துப்புரவாக்கினார்.

பனிக்கடியில் தார்ப் பாதை கறுப்பாகத் தெரியத் தொடங்கியபோது இரத்தினகோபால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"இண்டைக்கு நீங்கள் வந்தியள். நாளைக்கு?"

பவளராணி கையுறைகளைக் கழற்றி, இன்னும் சூடாயிருந்த அவற்றை அவர் கையில் வைத்தார்.

"வேலை இல்லாமல் எத்தனை பேர் இருக்கினம். ஒராளைக் கூப்பிடுங்கோ அண்ணை. தம்பி வரும்வரைக்கும் எண்டு சொல்லிக் கூப்பிடுங்கோ."