திருவேங்கடம் கொடுத்த காபி

"இன்னைக்கு என் வேலை எப்படி, டீச்சர்?"

தெருவுக்கு வந்ததும் சவரிமுத்து கைகளால் கேட்டான். பாராட்டு வரும் என்று அவனுக்கு நிச்சயம்.

மெய்யம்மை ஒரே ஒரு சைகை காட்டினார்.

"காபி."

சவரிமுத்து விழித்தான். சர்க்கரை தூக்கலாக இருந்ததோ என்று யோசித்தான்.

மெய்யம்மை கட்டிடப் பொறியாளர். பிறவியிலிருந்தே காது கேட்காது. சவரிமுத்து அவருக்குச் சைகை மொழிபெயர்ப்பாளன், சிஷ்யனும்கூட. குருவைவிடப் பத்து வயது மூத்த சிஷ்யன். தொழிலுக்கு வேண்டிய சைகையெல்லாம் அவரிடம் கற்றதுதான்.

வீட்டுச் சைகையை அவனுக்கு யாரும் கற்றுத்தர வேண்டியிருக்கவில்லை. பெற்றவர்கள் இருவருக்குமே காது கேட்காது. ஏழு வயதிலிருந்து அம்மாவுக்கும் ஊருக்கும் நடுவில் நின்றவன். கடைக்காரர் திட்டினால், நாளைக்கு வரச் சொல்கிறார் என்று அம்மாவிடம் காட்டுவான். அம்மா திட்டினால், கோபித்துக்கொள்ளாதீர்கள் என்கிறார் என்று கடைக்காரரிடம் சொல்வான். யார் மனமும் நோகாமல் பேச்சைக் கடத்துவதில் கெட்டிக்காரன் என்று பேர் வாங்கியிருந்தான்.

அவர்கள் பார்த்துவிட்டு வந்தது திருவேங்கடத்தின் டியூஷன் சென்டர். மாடியில் பெரிய ஹால். வரும் திங்கட்கிழமை வகுப்பு ஆரம்பம், நூற்று இருபது பிள்ளைகள். மெய்யம்மை கீழ் அறையில் ஏணி போட்டு ஏறி, கூரையைச் சுத்தியலால் தட்டி, உள்ளங்கையை வைத்து அதிர்வைப் பார்த்தார். இறங்கி வந்து திருவேங்கடத்திடம் கைகளால் சொன்னார். சவரிமுத்து குரல் கொடுத்தான். திருவேங்கடம் முகம் மலர்ந்து காபியும் பணியாரமும் வரவழைத்தார்.

மெய்யம்மை தம்ளரைத் தொடவில்லை. சவரிமுத்து அதைக் கவனிக்கவும் இல்லை. இப்போது தெருவில் நின்று அவர் கைகளால் கேட்டார்.

"உள்ள கம்பி துருப்பிடிச்சுப் போச்சு, தளம் இடிஞ்சு விழும், மேல ஒரு ஆள்கூட ஏறக் கூடாதுன்னு சொன்னேன். அதுக்கு அவர் ஏன் காபி கொடுத்தார்?"

சவரிமுத்து பார்வையைத் திருப்பிக்கொண்டான். மெய்யம்மை அவன் தோளைத் தட்டினார்.

"அவர்கிட்ட என்ன சொன்னீங்க?"

பாவம், ஆசையாகக் கட்டிய மனுஷன், முகத்துக்கு நேரே எப்படிச் சொல்வது என்று சுற்றி வளைத்துப் பார்த்தான். கடைசியில் ஒப்புக்கொண்டான்.

"கொஞ்சம் பார்த்துப் புழங்கினா போதும்னு சொன்னேன். நீங்கதான் அறிக்கையில விவரமா எழுதுவீங்களே."

"அறிக்கை என்னைக்குப் போகும்?"

"அடுத்த வெள்ளிக்கிழமை."

மெய்யம்மை வந்த வழியே திரும்பி நடந்தார். விடுவிடுவென்று மாடிப்படி ஏறினார். சவரிமுத்து பின்னாலேயே ஓடினான்.

ஹாலில் பெஞ்சுகள் வரிசையாகக் கிடந்தன. மெய்யம்மை வாசலிலேயே நின்று, பையிலிருந்து பென்சிலை எடுத்துத் தரையில் வைத்தார். அது மெல்ல உருண்டது. பெஞ்சுகளுக்கு அடியில் புகுந்து, ஹாலின் நடுவில் தளம் தாழ்ந்திருந்த இடத்தில் போய் நின்றது.

"எடுத்துட்டு வாங்க."

சவரிமுத்து ஒரு காலை எடுத்து வைத்தான். பென்சிலைப் பார்த்தான். காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டான். டீச்சர் தன் சட்டையைப் பின்னாலிருந்து பிடித்திருந்தது அப்போதுதான் அவனுக்குத் தெரிந்தது.

சட்டையை விட்டுவிட்டுக் கேட்டார்.

"ஏன்? கொஞ்சம் பார்த்துப் போனா போதுமே."

நூற்று இருபது பிள்ளைகள் உட்காரப்போகும் பெஞ்சுகளை அவன் ஒவ்வொன்றாகப் பார்த்தான். வெட்கம் பிடுங்கித் தின்றது.

கீழே வந்து மெய்யம்மை திருவேங்கடத்திடம் மறுபடி அதையே சொன்னார். இந்த முறை சவரிமுத்து கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. கை நின்ற இடத்தில் குரலும் நின்றது.

திருவேங்கடத்தின் முகம் கறுத்தது.

"காது கேக்காத பொம்பளைக்குக் கட்டடத்தைப் பத்தி என்னய்யா தெரியும்? நான் வேற ஆளை வச்சுப் பார்த்துக்கிறேன். கிளம்புங்க."

சவரிமுத்துவின் கைகள் பாதியில் நின்றன. இப்படிப்பட்ட பேச்சை அவன் அம்மாவுக்கு ஒரு நாளும் காட்டியதில்லை.

மெய்யம்மை அந்தக் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

முழுவதையும் காட்டினான். ஒரு சொல் விடவில்லை. கண் கலங்கியது அவனுக்குத்தான்.

மெய்யம்மை உடனே பதில் சொன்னார். சவரிமுத்து குரல் கொடுத்தான்.

"தாராளமா வேற ஆளைக் கூப்பிடுங்க. அவர் வர்ற வரைக்கும் மாடியைப் பூட்டி வைங்க. வாசல்ல நான் வச்ச பென்சில் எங்க போய் நின்னிருக்குன்னு ஒரு தடவை பாருங்க. உள்ள மட்டும் போகாதீங்க."

திருவேங்கடம் முணுமுணுத்துக்கொண்டே படியேறினார். அந்த முணுமுணுப்பையும் சவரிமுத்து காட்டினான்.

இறங்கி வர வெகுநேரம் ஆயிற்று. அவர் கையில் மாடிச் சாவி இருந்தது. யாரையும் பார்க்காமல் அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். உட்காரச் சொல்லவில்லை.

இருவரும் வெளியே வந்தார்கள். இந்தத் தடவை சவரிமுத்து ஒன்றும் கேட்கவில்லை.

தெருமுனைக் கடையில் மெய்யம்மை இரண்டு விரலைக் காட்டினார்.

காபி வந்தது.