அமைச்சர் உட்கார்ந்த இடம்

நொச்சிப்பட்டணத்து அரசர் கொண்டல்ராயரின் சபையில் ஒரு சட்டம் உண்டு. அரசர் எழும்வரை யாரும் எழக்கூடாது. கால் மரத்துப்போய்த் தவித்தவர்கள் ஏராளம்.

சில வருஷங்களாக மழை தாறுமாறாகக் கொட்டி, ஆறு ஊருக்குள் புகுந்துகொண்டிருந்தது. கரை கட்டத் திட்டம் போடும்படி அமைச்சர் குமாரபூபதிக்கு உத்தரவானது. அவரும் சபை நடுவே களிமண்ணால் ஊரையே செய்து வைத்துவிட்டார். அரண்மனை, கோயில், கடைத்தெரு எல்லாவற்றையும் சுற்றி அழகான கரை. கரைக்கு வெளியே ஆறு. ஆற்றுக்கு அந்தப் பக்கம், கோரைப்பள்ளம் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் தரை. விளக்கம் சொல்ல வசதியாக அங்கே பட்டு வேட்டியோடு தானே சம்மணமிட்டுக்கொண்டார்.

கோரைப்பள்ளத்தில் பாய் முடைகிறவர்கள் நூறு குடும்பம். இந்தக் கரை எழுந்தால் ஊருக்கு வரும் வெள்ளமும் சேர்ந்து அவர்கள் குடிசைக்குள்தான் பாயும். அதைச் சொல்ல அங்கிருந்து வந்த பூவாயியை மூன்று நாளாக வாசலிலேயே நிற்க வைத்திருந்தார்கள்.

அரசரின் நெருங்கிய சபையாளன் சேந்தன் அந்தக் குடும்பங்களைப் பற்றிக் கேட்டான்.

"தண்ணீர் வந்தால் எழுந்து வேறு இடம் போகட்டுமே" என்றார் அமைச்சர்.

கோரை அங்கேதானே விளைகிறது, எங்கே போவார்கள் என்று சேந்தன் கேட்டதை அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

கரை தாங்குகிறதா என்று எழுந்து சோதித்துப் பார்க்கச் சேந்தன் அனுமதி கேட்டான். அரசர் தலையாட்டினார். மூன்று குடம் தண்ணீரை ஆற்றில் கவிழ்த்தான். ஊருக்குள் ஒரு சொட்டு போகவில்லை. அத்தனையும் அமைச்சரின் மடிக்கு வந்தது.

எழப் பார்த்தார். அரசர் எழவில்லையே, எப்படி எழுவது? அதற்குள் நாலாவது குடமும் வந்தது. பட்டு வேட்டி தொப்பலாக நனைந்து சேறானது.

"நான் இங்கே உட்கார்ந்திருக்கிறேன். என்னை ஒரு வார்த்தை கேட்காமல் எப்படி ஊற்றுவாய்?"

சேந்தன் கைகட்டி நின்றான். "மன்னிக்க வேண்டும். கோரைப்பள்ளத்தில் யாரையும் கேட்காமல்தானே திட்டம் போட்டீர்கள்? அதுதான் முறையாக்கும் என்று நினைத்துவிட்டேன்."

அரசர் கண்ணில் நீர் வரச் சிரித்தார். முத்துமாலையைக் கழற்றிச் சேந்தன் கழுத்தில் போட்டார். பூவாயி வாசலில் நிற்பதைச் சேந்தன் சொல்ல, அவளை உள்ளே அழைத்து, கரையை எங்கே கட்டலாம், நீயே சொல் என்றார்.

பூவாயி களிமண் ஊரைப் பார்த்தாள். அமைச்சரையும் பார்த்தாள்.

"மொதல்ல இந்த ஐயாவ மேட்டுல ஏத்துங்க மகாராசா. கரையப் பத்தி அப்புறம் பேசுவோம்."