ஏழு ஸ்டட்டுக்கு இடமாத்தம்

முள்ளிவயல் விலக்குல ஆரோக்கியம் அண்ணனோட கார் ஷெட்டு இருக்குல்ல, அதுல மூணு பேரு வேலை பாக்குறாங்க. கோட்டைச்சாமி, உருமன், சேவியரு. மூணு பேருக்கும் சேத்து ஆறு கை. அது போதும்னுதான் அண்ணன் வேலைக்கு வெச்சாரு. மத்ததை அவரு எண்ணிப் பாக்கல.

மூணு பேருமே சொன்ன பேச்சைத் தட்டமாட்டாங்க. அதுதான் வெனையே. "கதவைப் பாத்துக்கடா"ன்னு சொல்லிட்டு அண்ணன் சாப்பிடப் போனாருன்னா, அவரு ஏப்பம் விட்டுக்கிட்டு திரும்பி வர்ற வரைக்கும் சேவியரு கதவையே பாத்துக்கிட்டு நிப்பான். பின்பக்கமா ஒருத்தன் ஜாக்கியைத் தூக்கிட்டுப் போனான். அதை சேவியரு பாக்கல. அதைப் பாக்கச் சொல்லலையே.

ஒரு திங்கக்கெழமை, பெரியணன் ஐயா வீட்டுக் காரு ஷெட்டுக்கு வந்துச்சு. அவங்க தாத்தா ரங்கூன்ல இருந்து கப்பல்ல கொண்டாந்து எறக்குன கறுப்புக் காரு. அந்த வீட்டுக்கு வர்ற மாப்பிள்ளை கலெக்டரா இருந்தாலும் சரி, மாப்பிள்ளை அழைப்புக்கு அந்தக் காருலதான் வந்து எறங்கணும்.

வெள்ளிக்கெழமை சாயங்காலம் ரெண்டாவது பொண்ணுக்கு மாப்பிள்ளை அழைப்பு. மூத்த மாப்பிள்ளை வந்தப்ப காருக்குள்ள புகை ஏறி, மனுசன் இருமிக்கிட்டே எறங்குனாரு. கல்யாண ஆல்பத்துல இன்னைக்கும் மூக்குல கரியோடதான் நிக்கிறாரு. போதாததுக்கு டப டப டபன்னு ஒரு சத்தம். மாடு ரெண்டு கயித்தை அத்துக்கிட்டு ஓடிருச்சு.

"இந்தத் தடவையும் டப டபன்னா, சம்பந்தி பையனை ஆட்டோவுல அனுப்புறேங்குறாரு. எங்க குடும்பத்துலயே ஆட்டோவுல வந்த மாப்பிள்ளை கெடையாதுப்பா"ன்னு கண் கலங்கிட்டாரு பெரியணன் ஐயா.

ஆரோக்கியம் அண்ணன் பானெட்டைத் தூக்கிப் பாத்தாரு. இஞ்சின்ல இருந்து புகையை வெளிய கொண்டு போற கொழா இருக்கே, மேனிபோல்டு, அதை இஞ்சினோட இறுக்கிப் பிடிக்கிறது ஏழு ஸ்டட்டு. தலையில்லாத போல்ட்டு மாதிரி இருக்கும். ஏழும் துருப்பிடிச்சு இளைச்சுப் போயிருந்துச்சு.

"ஒண்ணுமில்ல ஐயா, ஏழு ஸ்டட்டையும் மாத்தணும், அவ்வளவுதான்"னாரு. சொன்னவரு புதுசா ஏழு வாங்கி டப்பாவுல வெச்சுட்டு, மறுநாளே வேளாங்கண்ணிக்குப் பாதயாத்திரை கெளம்பிட்டாரு. நேந்துக்கிட்டாராம். போகும்போது சொல்லிட்டுப் போனாரு:

"டேய், மண்ணெண்ணெய் விட்டு நல்லா ஊற வைங்க. அவசரப்பட்டு முறுக்குனா ஒடைஞ்சு உள்ளயே மாட்டிக்கும். தன்மையா கழட்டணும். வரலைன்னா ஒரே ஸ்டட்டுல ரெண்டு நட்டைப் போட்டு, ஒண்ணோட ஒண்ணு முட்டவிட்டு, ஸ்பேனரால திருப்புங்க. ஏழையும் மாத்திட்டு போன் பண்ணுங்க."

அண்ணன் தலை மறைஞ்சதும் மூணு பேரும் காரைச் சுத்தி உக்காந்தாங்க.

"ஊற வைக்கிறதுல ஒரு சிக்கல் இருக்கு மாப்ள"ன்னான் கோட்டைச்சாமி. மீசை பெருசுங்கிறதால அவந்தான் மூத்தவன். "எங்க வீட்டுல உளுந்து ஊறப் போட்டா ஒரு மடங்கு ரெண்டு மடங்காவுது. ஸ்டட்டு ஊறினா?"

"பெருக்கும்"னான் உருமன்.

"பெருத்தா?"

"ஓட்டையில மாட்டிக்கும்."

"அண்ணன் இதை யோசிக்காம சொல்லிட்டாரு பாரேன்"னு சேவியரு பயந்துட்டான். கடைசியில பாதி ஊறல் போதும்னு முடிவாச்சு. பாதி நேரம் மண்ணெண்ணெய், பாதி நேரம் விசிறி.

அடுத்தது தன்மையா கழட்டுறது. சேவியரு சட்டைப் பட்டனைப் போட்டுக்கிட்டான். காருக்கிட்ட போயி குனிஞ்சு, "ஐயா, சாப்டீங்களா? சிரமம் பாக்காம கொஞ்சம் வெளிய வர்றீங்களா?"ன்னான்.

ஸ்டட்டு வரல.

"நீ சாப்டீங்களான்னு கேட்ருக்கக் கூடாது. இல்லன்னு சொல்லிட்டா சோறு போடணும்ல. அதான் பேசாம இருக்கு"ன்னான் உருமன்.

தன்மை பலிக்கலைன்னதும் முட்டவிட எறங்கினாங்க. கோட்டைச்சாமி ஒரு நட்டு, உருமன் ஒரு நட்டு. கெடா முட்டுல நிக்கிற மாதிரி எதிரெதிரா குத்தவெச்சு, "ஹேய்!"னு கத்தி ணங்குன்னு முட்டவிட்டாங்க. முப்பத்திரண்டு முட்டு. கோட்டைச்சாமி நட்டுதான் ஜெயிச்சுச்சு. உருமன் ஒத்துக்கல, அவன் நட்டு சைஸுல சின்னது, ஜோடி சேத்ததே தப்புன்னான். பக்கத்துல நின்ன சேவியரு ஸ்பேனரைக் கையில வெச்சுக்கிட்டு, ஒவ்வொரு முட்டுக்கும் ஒரு தடவை திருப்பிப் புடிச்சான். ஸ்பேனரை.

இப்படியே புதன்கெழமை ஆயிருச்சு. நடுநடுவுல ஊத்துன மண்ணெண்ணெயில ஸ்டட்டெல்லாம் தானா எளகிருச்சு. உருமன் தூசியைத் தட்டலாம்னு கை வெச்சா, ஒண்ணொண்ணா கையோட வந்துருச்சு.

"பாத்தியா, நான் கேட்டது இப்பதான் அதுக்குக் காதுல விழுந்திருக்கு"ன்னான் சேவியரு.

இப்ப மாத்தணும். ஏழு ஸ்டட்டையும் சாக்குல வரிசையா வெச்சுட்டு மறுபடி உக்காந்தாங்க.

"எதை எங்க மாத்துறது?"ன்னு கேட்டான் உருமன்.

கோட்டைச்சாமி மீசையைத் தடவுனான். "இது சர்க்கார் ஆபீஸு மாதிரிதாண்டா. எண்பது வருசமா ஒரே எடத்துல உக்காந்தா எவனுக்கும் துருப்பிடிக்கத்தான் செய்யும். இடமாத்தம் பண்ணிட்டா சுறுசுறுப்பாயிருவான். ஒண்ணாம் நம்பரு ஏழுக்குப் போகட்டும். ஏழு ஒண்ணுக்கு. ரெண்டு ஆறுக்கு. மூணு அஞ்சுக்கு."

எல்லாம் சரியா போயிக்கிட்டிருந்துச்சு. நடுவுல நாலாம் நம்பரு மட்டும் மிச்சம்.

"இதை எங்க மாத்துறது? நாலுக்கு எதிர்ல நாலுதானே இருக்கு?"ன்னான் உருமன்.

பெரிய ரோசனை. டீ வந்துச்சு, போச்சு. கடைசியில சேவியருதான் வழி சொன்னான்: "அதை ஒரு நாள் லீவுல அனுப்புவோம். திரும்பி வந்து அதே சீட்டுல சேந்துக்கட்டும்."

நாலாம் நம்பரு சேவியரு சட்டைப் பையில ஒரு நாள் முழுக்க இருந்துச்சு. கோயிலுக்குப் போச்சு, பரோட்டா கடைக்குப் போச்சு. வியாழக்கெழமை சாயங்காலம் வந்து வேலையில சேந்துச்சு.

வெள்ளிக்கெழமை காலையில பெரியணன் ஐயா பட்டு வேட்டியோட ஓடியாந்தாரு. "மாத்தியாச்சா?"

"ஏழையும் மாத்தியாச்சுங்க ஐயா."

காரை எடுத்தாங்க. டப டப டப டப. எதிர் டீக்கடையில பாய்லரு மேல இருந்த கிளாஸு விழுந்துச்சு. பெரியணன் ஐயா அப்படியே டயரு மேல உக்காந்துட்டாரு. "ஆட்டோதான் போல"ன்னு மட்டும் சொன்னாரு.

கோட்டைச்சாமி அண்ணனுக்குப் போனைப் போட்டு இடமாத்த வெவரம் மொத்தத்தையும் சொன்னான். கேட்ட அண்ணன், சாமிக்கு மாலை போட்டிருக்கிறதையும் மறந்துட்டு நாலு வார்த்தை சொன்னாரு. அதை இங்க எழுத முடியாது.

"டப்பாவுல புதுசு இருக்குல்லடா! பழசைத் தூக்கி எறிஞ்சுட்டு அதைப் போடுங்கடா! முதல்ல ஏழு நட்டையும் கையாலயே இறுக்குங்க, அப்புறம்தான் ஸ்பேனரைத் தொடணும். புரியுதா?"

"புரியுதுண்ணே."

"வண்டி ஓடி சூடானா கொஞ்சம் தளரும். சத்தம் கேட்டா உடனே நிறுத்தி, ஆற வெச்சு, நடுவுல இருந்து ஆரம்பிச்சு கால் சுத்து இறுக்கணும். சத்தம் நிக்கிற வரைக்கும் விடாதீங்க!"

இந்தத் தடவை அண்ணன் பேச்சுல ஒரு எழுத்துகூட விடக்கூடாதுன்னு மூணு பேரும் சத்தியம் பண்ணிக்கிட்டாங்க. புது ஸ்டட்டு ஏழையும் போட்டாங்க. நட்டை எல்லாம் கையாலயே இறுக்குனாங்க. அப்புறம் ஒவ்வொருத்தனா வந்து ஸ்பேனரைத் தொட்டாங்க. உருமன் தொட்டுக் கண்ணுல ஒத்திக்கிட்டான். தொட்டு முடிச்சதும் பத்திரமா காருக்குள்ள வெச்சுட்டாங்க.

சாயங்காலம் மாப்பிள்ளை சொக்கலிங்கம், பிள்ளையார் கோயில் வாசல்ல காருல ஏறினாரு. ஓட்டுனது சேவியரு. கோட்டைச்சாமியும் உருமனும் ரெண்டு பக்கமும் பானெட்டுல காதை வெச்சுக்கிட்டே நடந்தாங்க. முன்னால நாயனம், தவிலு, பந்தலு வரைக்கும் சனம்.

காரு நகந்துச்சு. தவில்காரரு நாகமுத்து ஓங்கி ஒரு அடி அடிச்சாரு.

"சத்தம்! நிறுத்து!"ன்னு கத்துனான் கோட்டைச்சாமி.

காரு நின்னுச்சு. பானெட்டைத் தூக்குனாங்க. மாப்பிள்ளைக்கு வீசிக்கிட்டிருந்த மயில்தோகை விசிறியைப் புடுங்கி மேனிபோல்டை ஆற வெச்சாங்க. நடுவுல இருந்து கால் சுத்து இறுக்குனாங்க. பத்தடி போச்சு. மறுபடி தவிலு. நிறுத்து, வீசு, இறுக்கு. பிள்ளையார் கோயில்ல இருந்து வீட்டுக்கு இருநூறு அடி இருக்கும். பதினேழு தடவை நின்னாங்க.

ஆனா ஒண்ணு பாருங்க. கையால இறுக்குன நட்டெல்லாம் இப்படி கால் கால் சுத்தா ஏறி, எவ்வளவு இறுக்கணுமோ அவ்வளவு கச்சிதமா உக்காந்துருச்சு. பொட்டுப் புகையில்ல. டப டப இல்ல. இஞ்சின் ஓடுதான்னு மாப்பிள்ளையே எட்டிப் பாத்தாரு. அவரு மூக்கு பளபளன்னு இருந்துச்சு. வாசல்ல நின்ன சம்பந்தி, "நிக்கிற ஆட்டோவைத் திருப்பி அனுப்பிருங்க"ன்னாரு. பெரியணன் ஐயா அழுதே அழுதுட்டாரு.

கோட்டைச்சாமிக்கு மட்டும் திருப்தியில்ல. "டேய், காரை ஆஃப் பண்ணியும் சத்தம் வருதுடா."

மூணு பேரும் காதைத் தீட்டிக்கிட்டுத் தேடிப் போனாங்க. சத்தம் போயி நாகமுத்து வயித்துக்கிட்ட முடிஞ்சுது. குனிஞ்சு பாத்தா, தவிலைச் சுத்தி வரிசையா நட்டு!

"மிச்சமெல்லாம் இங்க இருக்குடா! இறுக்கு!"

"நடுவுல இருந்து ஆரம்பிக்கணும்னாரே அண்ணன்"னான் உருமன். "இதுல நடு எது?"

கோட்டைச்சாமி தவிலை நல்லா அளந்து பாத்தான். சரியா நடுவுல, தோலு மேல, ஸ்பேனரை வெச்சு ஒரு அமுக்கு அமுக்குனான்.

டொப்.

நாகமுத்து கிழிஞ்ச தோலுக்குள்ள கையை விட்டுப் பாக்க, கோட்டைச்சாமி பெருமையா போனைப் போட்டான். "அண்ணே, சத்தம் நின்னுருச்சு!"

"நல்லா கேட்டுப் பாத்தியாடா?"

"கேட்டேண்ணே. பீப்பீன்னு ஒரு சின்ன சத்தம் மட்டும் வந்துக்கிட்டிருக்கு."

"அது எங்கயோ காத்து லீக்காவுதுடா. ஓட்டை எங்கன்னு பாத்து அடைங்க"ன்னாரு அண்ணன்.

"ஓட்டை வரிசையா தெரியுதுண்ணே"ன்னான் கோட்டைச்சாமி. "ஆனா இந்த ஆளு வெரலை வெச்சு மறைச்சு மறைச்சு ஏமாத்துறாரு."

"வெரலை எடுக்கச் சொல்லி அடைங்கடா!"

உருமன் அதுக்குள்ள கேஸ்கட் பசை டியூபைப் பிதுக்கிக்கிட்டு, நாயனக்காரர் முன்னால போயி தன்மையா நின்னுட்டான். "ஐயா, கொஞ்சம் ஊதிக்கிட்டே இருங்க. எதுல காத்து வருதுன்னு பாக்கணும்."