கவளம் உருட்டிய கைகள்

முன்னொரு காலத்திலே வெண்ணாவல் நாட்டைச் சண்டப்பிரதாபன் என்று ஒரு ராஜா ஆண்டுகொண்டிருந்தான். காலையில் கட்டிப்பிடிப்பான், மதியம் தலையை வாங்குவான். அப்படி ஒரு குணம்.

அவன் சபையில் பெண்கள் வாய் திறக்கக் கூடாது. பெண்ணுக்கு ஒரு குறை என்றால் அவள் வீட்டு ஆண்தான் வந்து சொல்ல வேண்டும். யானைக் கொட்டாரத்தில் சோறு வடித்துக் கவளம் உருட்டும் விருமாயிக்கோ, குறையே அவள் புருஷன்தான். குடித்துவிட்டு அவள் பல்லை உடைத்தவன், சபையில் வந்து, "என் பெண்டாட்டிக்கு ஒரு குறையுமில்லை மகாராஜா" என்று சொல்லிவிட்டுப் போனான். இதைச் சொல்லும்போதே எனக்கு வயிறு எரிகிறது.

மறுநாள் கொட்டாரத்துப் பெண்கள் நாற்பது பேரும் அடுப்பு மூட்டவில்லை. நேரே சபைக்கு வந்து நின்றார்கள்.

"எங்க குறைய நாங்களே சொல்லணும் ராஜாவே" என்றாள் விருமாயி.

கொட்டாரத்து அதிகாரி தளவாய் மார்த்தாண்டன். தன்னைத் தாண்டி இவள் ராஜாவிடம் பேசுவதா என்று அவனுக்குப் பொருமல். "ராஜத்துரோகம்! பட்டத்து யானை தீர்ப்புச் சொல்லட்டும்" என்றான்.

சபையே நடுங்கியது. அந்தத் தீர்ப்பில் குற்றம் சாட்டப்பட்டவர் தரையில் படுக்க வேண்டும். யானை மிதிக்காவிட்டால் குற்றம் சாட்டியவர் படுக்க வேண்டும். இதுவரை யானை மிதிக்காமல் விட்டதே இல்லை.

"தலைவி யார்? படுக்கட்டும்" என்றான் ராஜா.

விருமாயிக்குப் பயம்தான். புத்தி மட்டும் நிற்கவில்லை.

"கேட்டது நாற்பது பேரும். நாற்பது பேரும் படுக்கிறோம். ஆனா பாகன் வேண்டாம் ராஜாவே, யானை தானா வரட்டும். அவன் அங்குசத்தால குத்தினா அது பாகன் தீர்ப்பாயிடுமே!"

"நியாயம்தான்" என்று ராஜா சிரித்தான். தளவாயும் சிரித்தான். பட்டினி கிடக்கும் யானை, அடக்கப் பாகனும் இல்லை. வேறென்ன வேண்டும்?

முற்றத்தில் வரிசையாகப் படுத்தார்கள்.

"அக்கா, பசியில இருக்கு. நம்மள அதுக்குத் தெரியுமா?" என்று பூச்சாயி அழுதாள்.

"எனக்கும் தெரியலடி. கையை விரிச்சு வை."

தரை அதிர்ந்தது. ஒருத்தியும் எழுந்து ஓடவில்லை, ஆனால் பயப்படாதவள் ஒருத்திகூட இல்லை. யானை முதல் பெண்ணின் தலைமாட்டில் நின்றது. காலைத் தூக்கியது. அப்புறம் மெல்லக் கீழே வைத்து, அவள் உள்ளங்கையை மோந்தது. வெல்லமும் சோறும் ஊறிய கை. அடுத்தவள் கை, அதற்கடுத்தவள் கை என்று நாற்பது கைகளிலும் கவளம் தேடிவிட்டு, விருமாயி பக்கத்தில் நின்று முனகியது.

"சூழ்ச்சி! அதற்குச் சோறாக்கிப் போடுகிறவர்களே இவர்கள்தான்!" என்று தளவாய் கத்தினான்.

"கொட்டாரத்து அதிகாரி நீ. உனக்கு அது இப்போதுதான் நினைவுக்கு வந்ததா? சரி, சட்டப்படி நீ படு" என்றான் ராஜா.

யானை திரும்பிப் பார்த்தது. தளவாய் தலைப்பாகையைக் கழற்றிவிட்டு, எழுந்து நின்ற பெண்கள் காலில் விழுந்தான்.

"விட்டுடுங்க ராஜாவே" என்றாள் விருமாயி. "யானைக்குப் பசி. அவர் விறகு சுமக்கட்டும். நான் என் குறையச் சொல்லிக்கிறேன்."

"சொல்லு" என்றான் ராஜா. புருஷனைப் பிடித்து வந்து நிறுத்தினார்கள். அவன் வாயைத் திறக்கப் போனான், ராஜா கையமர்த்தினான். விருமாயியின் குரல் நடுங்கியது. நடுங்கிக்கொண்டே எல்லாவற்றையும் சொல்லி முடித்தாள்.

அவள் நகர்ந்ததும், அடுத்துப் பூச்சாயி முன்னால் வந்தாள்.