நரிக்கு மட்டும்

சோலையப்பன் பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். தன்னைவிட இருபது வயது இளையவரான கனகவல்லி அம்மாளிடம் சீடராகச் சேர்ந்திருந்தார். ஞானம் இன்னும் வந்தபாடில்லை. குரல் மட்டும் குறையவில்லை.

அந்தப் பக்கத்தில் ஆட்டுக்கிடை போடுகிறவர்கள், செத்த குட்டியின் கறியில் விஷம் தடவி நரிக்கு வைப்பார்கள். அதை ஊரே சேர்ந்து தடை செய்ய வேண்டும் என்று சோலையப்பன் ஒரு மாதமாகத் தெருத்தெருவாகப் பேசினார். நரியும் ஓர் உயிர்தானே என்றார். குட்டியைப் பறிகொடுத்தவர்கள், அப்படியானால் நரிக்கு உங்கள் வீட்டில் இலை போடுங்கள் என்றார்கள். பாவம், மனிதர் நொந்துபோய்க் குருவிடம் வந்தார்.

"நாளைக்கு ஊர்க்கூட்டம். இதை விட்டா வேற வழி இல்லம்மா. நான் என்ன பேசட்டும்?"

"பேச வேண்டாம் ஐயா. ஒரு பலகை எழுதுங்க."

குரு சொன்னபடியே எழுதி, அவருடன் கூட்டத்துக்குத் தூக்கிப் போனார். 'இந்தக் கறி நரிக்கு மட்டும். நாய், காகம், மயில் தொடக் கூடாது.' விஷக்கறி வைக்கும் இடத்தில் இதையும் நட்டுவிடுங்கள், பிறகு எங்களுக்கு ஆட்சேபணை இல்லை என்றார் கனகவல்லி அம்மாள். கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது.

கிடைக்காரர் இருளாண்டிதான் அதிகம் சிரித்தார். அன்று சாயங்காலம் நரிக்கு வைப்பதற்கான விஷப் பொட்டலம் அவர் மடியிலேயே இருந்தது.

"நாய்க்கு எழுத்துத் தெரியுமா தாயி?"

"உங்க நாய்க்குமா தெரியாது?"

இருளாண்டி தன் காலடியில் படுத்திருந்த செவலையைப் பார்த்தார். கிடையில் செத்துப்போன குட்டி காவல் நாய்க்கு என்பது அவர்கள் வழக்கம். செவலை வளர்ந்ததே அந்தக் கறியில்தான். அவர் சிரிப்பு நின்றுவிட்டது. எழுந்துபோய்ப் பொட்டலத்தை ஊர்த்தலைவர் முன்னால் வைத்தார்.

"செத்த குட்டி எங்க கெடந்தாலும் தனக்குன்னுதான் அது நெனைக்கும். இந்த ஊர்ல யாரும் வைக்க வேண்டாம்."

இருளாண்டியே சொன்ன பிறகு மறுபேச்சு ஏது? தடை நிறைவேறியது. குட்டிகளைக் காக்கக் கிடைக்கு இன்னொரு நாய் வளர்ப்பது என்றும் முடிவானது.

திரும்பும் வழியில் சோலையப்பனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. கொஞ்சம் குறையும் இருந்தது.

"நரிக்காக நீங்க ஒரு வார்த்தைகூடப் பேசலையேம்மா?"

"நரிக்கு இந்த ஊர்ல வேண்டியவங்க யாரும் இல்ல ஐயா. அதான் அதோட பங்காளி நாயை விட்டுப் பேச வச்சேன்."